கடையில் வாங்கிய கடல்

— தண்ணியைச் சோதிக்கிற இந்தக் குப்பியைப் பாரும்மா. மறுபடியும் சிவப்பு. தண்ணியில நைட்ரேட் ஏறிக்கிட்டேதான் இருக்கு.

— எனக்கெதுக்குடி காட்டுற? நான் என்ன டாக்டரா? நீ ஆசைப்பட்டு வாங்கின மீன்தொட்டி, நீயே பாரு.

— கண்ணாடி பூரா பாசி, கம்பளி போத்தின மாதிரி. நாளைக்கு டீக்கடை திறப்பு. இந்த நுகுஸ் ஊர்ல இருக்கிறவங்க எல்லாரும் உள்ள வந்து கடலைப் பாருங்கன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கேன்.

— கடலாம் கடல். நாலு பேர் கை கழுவினா தீந்துபோற தண்ணி. மொய்னாக் துறைமுகத்துல ஆரல் கடலைப் பாத்து வளந்தவகிட்ட வந்து சொல்றா பாரு.

— அந்தக் கடல்தான் செத்துப்போச்சே. நான் பொறந்தப்பவே தண்ணி கண்ணுக்கெட்டாத தூரம் போயாச்சு. பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

— உன் மீன் மட்டும் என்னவாம்? பையில கட்டி பிளேன்ல வந்தது. நான் வேலை பாத்த மீன் டப்பா ஃபேக்டரிக்கும் கடல் வத்தினப்புறம் மீன் அப்படித்தான் வந்துச்சு, எங்கேயோ பிடிச்சு ரயில்ல ஏத்தி. அதைக் கழுவுறப்போ எனக்குக் குமட்டும்.

— பழங்கதையை விடு. ரெண்டு மீன் செத்தாச்சு. மிச்சம் இருக்கிற ஆரஞ்சு ஜோடியும் மேல வந்து வாயைப் பொளக்குது.

— தீனியை அள்ளிக் கொட்டியிருப்ப.

— சிட்டிகைதான் போடுறேன். பாசி வளரக் கூடாதுன்னு விளக்கைக்கூட பாதி நேரம் அணைச்சுதான் வைக்கிறேன். தண்ணியை மாத்தினா அந்த நைட்ரேட் சத்தெல்லாம் குறைஞ்சு பாசி பட்டினியில சாகணும். நீ பீப்பாயில உப்பு கலக்கி வைக்கிற, நான் ஊத்துறேன். மாத்த மாத்த ஏறுது. எந்த ஊர் நியாயம் இது?

— புதுசு அப்படித்தான் இருக்கும். டீ ஆறுது, குடி.

— கண்ணாடியையாவது துடைச்சியா? எத்தனை தடவை சொன்னேன். தட்டுல ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தா வீட்டையே ரெண்டாக்கிடுவ. இதை மட்டும் தொட மாட்டேங்கிற.

— துடைப்பேன், துடைப்பேன். முட்டி வலி.

— உன்னை நம்பினா ஆகாது. தள்ளு, நானே புதுசா கலக்குறேன். தொட்டிக்குன்னு கடையில வாங்கின உப்பு வாளி எங்க... ஏம்மா, இதை இன்னும் திறக்கவே இல்லையே. மூடியில ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு. அப்ப இத்தனை நாளா நீ கலக்கினது எந்த உப்பு?

— அது எதுக்கு இப்போ?

— அம்மா, கேக்குறேன்ல.

— வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவ நீ. காத்தடிச்சா மூஞ்சியில உப்பு, துணி காயப்போட்டா துணியில உப்பு. இதுல வெளிநாட்டு டப்பா உப்பு ஒரு கேடா? மொய்னாக் போய்வர்ற லாரிக்காரர் பெர்திபாய்கிட்ட ஒரு மூட்டை கொண்டுவரச் சொன்னேன். எங்க படகுத்துறை இருந்த எடத்துல வாரினது.

— உனக்கு அறிவிருக்கா? பருத்திக்காட்டுல கொட்டின உரம், பூச்சி மருந்து அத்தனையும் ஆத்தோட வந்து அங்கதான் படிஞ்சு கெடக்கு. பாசிக்கு விருந்து வச்சிருக்க, மீனுக்கு விஷம் வச்சிருக்க. சிக்கனம் பாக்குற லட்சணமா இது?

— சிக்கனமா? போடி. உன் காசை யாருடி எண்ணினா?

— பேசாத. மீனை இந்தப் பக்கெட்டுக்கு மாத்திட்டு, தொட்டியை மொத்தமாக் காலி பண்ணப்போறேன். துணியை எடு. முதல்ல அந்தப் பாசியை வழி.

— மீனை எடுத்துக்க, பாவம். மத்தது என்னால ஆகாது.

— ஏன், மறுபடியும் முட்டி வலியா?

— முட்டிக்கு ஒண்ணும் இல்ல.

— அப்ப நாளைக்கு வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது? இந்தப் பச்சைக் குட்டையையா?

— ஜுல்திஸ், கடல் போனதுக்கப்புறம் அந்த உப்புல பச்சையா ஒண்ணு முளைச்சு நான் இப்பத்தான் பாக்குறேன். அதை என் கையாலயே வழிக்கச் சொல்றியா?