பத்துக்கு ஆறு

— நாலாவது தடவையா வந்திருக்கீங்க, ஷூ நிங் அம்மா. பதில் மட்டும் முதல் தடவை சொன்னதேதான்.

— இன்னிக்குக் கடைசி நாள்னு இல்லேன்னா அஞ்சாவது தடவையும் வருவேன், லாவ்ஷி. ஆபீஸ்ல அரைநாள் லீவு இன்னும் ஆறு மிச்சமிருக்கு.

— வந்து இந்த கேண்டீன் பெஞ்சைத் தேய்ச்சுட்டுப் போங்க. உங்க பொண்ணுக்கு சீனம் சொல்லிக் குடுக்கிறவ நான். அவளுக்கு எது வரும், எது வராதுன்னு எனக்குத் தெரியாதா?

— தெரியும்ல? அதைத்தான் எழுதிக் குடுங்கன்னு கேக்குறேன். சீனத்துலேருந்து விலக்கு கேக்குற இந்த விண்ணப்பத்துல எல்லாரும் எழுதியாச்சு. சைக்காலஜிஸ்ட் எழுதியாச்சு, நான் எழுதியாச்சு. சீன ஆசிரியர், லாவ்ஷி நீங்க, எழுத வேண்டிய பக்கம் மட்டும் துடைச்ச தட்டு மாதிரி இருக்கு.

— அவ அப்பா?

— இன்னிக்குக் காலையில கையெழுத்துப் போட்டாரு.

— அட! போன மாசம் போன்ல என்கிட்ட அந்தக் குதி குதிச்சாரே. ‘சீனக் குடும்பத்துல பொறந்தவளுக்கு சீனத்துலேருந்து விலக்கா, ஊரே சிரிக்கும்’னு...

— சிரிக்கட்டும். கையெழுத்தைப் போட்டுட்டு, தேங்காய் ஜாம் தடவி வச்ச காயா ரொட்டியத் தொடாம எழுந்து போயிட்டாரு. ரெண்டையும் நானே தின்னேன். தெம்பு வேணுமே, உங்ககிட்ட மல்லுக்கட்ட.

— சாப்பிட்டது நல்லதுதான்... ஆனா கேளுங்க. நாலாம் வகுப்புதானே. அடுத்த வருஷம் எளிய சீனம் எடுக்கலாம். பாடம் பாதிதான் இருக்கும்.

— பாதி சீனத்துக்கும் எழுத்து வேணும்ல, லாவ்ஷி? அவளுக்கு எழுத்தே நிக்கலையே! பேசச் சொல்லுங்க, பேசுவா. மீன் கடைக்காரரோட சண்டை போட்டு எனக்கு விலையில ரெண்டு வெள்ளி குறைச்சு வாங்கித் தர்றவ அவ. ஆனா பேப்பரைக் காட்டினா... கோடெல்லாம் ஓடுதாம். எறும்பு மாதிரின்னு சொல்றா.

— தெரியும்.

— இங்கிலீஷே வாரம் ரெண்டு வகுப்புக்குப் போயி, மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் தட்டுத்தடுமாறிப் படிக்கிறா. அதுக்கு மேல இதையும் ஏத்தினா முறிஞ்சுடுவா. எனக்கு அவ வேணும், லாவ்ஷி. சீனம் அப்புறம்.

— ஷூ நிங் அம்மா, நான் சொல்றதைக் கோவப்படாம கேளுங்க. கல்வி அமைச்சுல இருக்கிறவங்க பிள்ளையப் பாக்க மாட்டாங்க. பேப்பரைத்தான் பாப்பாங்க. உங்க பொண்ணோட பேப்பர் என்ன சொல்லுது? வீட்டுப்பாடம்... வருஷம் பூரா முழுசா முடிச்சிருக்கா. ஒரு எழுத்து தப்பில்ல.

— அது...

— செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல். நான் வார்த்தையச் சொல்லச் சொல்ல அவங்க எழுதணும். பத்து வாரமா பத்துக்கு ஆறு, ஆறு, ஏழு, ஆறு. இப்படி வாங்குற பிள்ளைக்கு எதுக்கு விலக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— பருவத் தேர்வுல நூத்துக்கு இருபத்தொண்ணு வாங்கினாளே!

— ஒரே ஒரு தேர்வு. அன்னிக்கு உடம்பு சரியில்லன்னு எடுத்துப்பாங்க.

— சரி. லாவ்ஷி, உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்களேன்... இந்தா பாருங்க. ‘நன்றி’ங்கிற எழுத்து. இது ‘தோட்டம்’. இது ‘இரவல் வாங்கு’. இந்தக் கை யாருதுன்னு தெரியுதா? ஷூ நிங் வீட்டுப்பாட நோட்டைத் திறந்து பக்கத்துல வச்சுப் பாருங்க. எல்லாம் நான் எழுதினது. அவ கணக்குப் போட்டு முடிச்சுத் தூங்கினதும், கட்டம் கட்டமா நான்தான் உக்காந்து நிரப்புவேன். எனக்கு வெக்கமில்ல, சொல்லிட்டேன். அதை ஒரு கடுதாசியாவும் எழுதிக் கொண்டு வந்திருக்கேன். இந்தாங்க. ‘மகள் வீட்டுப்பாடத்தைத் தாயாகிய நானே எழுதினேன்.’ கீழ என் கையெழுத்து, அடையாள அட்டை நம்பர், எல்லாம் இருக்கு.

— ஜனவரி மூணாவது வாரத்துலேருந்து.

— என்னது?

— அப்பத்திலேருந்துதான் நீங்க எழுதுறீங்க. எனக்குத் தெரியும்.

— தெரியுமா! தெரிஞ்சா ஏன் லாவ்ஷி ஒரு வார்த்தை சொல்லல?

— பெரியவங்க கை மறைக்குமா? கோடு முடியற இடத்துல தூக்கி நிறுத்துறீங்க. அழகா இருக்கும். அதான் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

— அந்தப் பாண்டா ஸ்டிக்கர்...

— உங்களுக்குத்தான் ஒட்டினேன். மார்ச்சுல ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாண்டா குடுத்தேன், ஞாபகமிருக்கா?

— ஐயோ, சாமி! நாப்பத்தோரு வயசுல பாண்டா வாங்கினவ இந்தச் சிங்கப்பூர்லயே நான் ஒருத்திதான் இருப்பேன். சின்ன வயசுல எனக்கு இந்தப் பாடமே வேப்பங்காய், லாவ்ஷி. எங்க லாவ்ஷி வெளிய நிக்க வச்சுக்கிட்டே இருப்பாரு. உருளைக்கிழங்கு தின்னின்னு கூப்பிடுவாங்க, வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷே பேசுறாளாம். இப்பப் பாருங்க, இவளுக்காக மறுபடி நாலாம் வகுப்பு படிக்கிறேன்.

— நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா அவ எழுதினா இப்படி இருக்காது. இதோ, இந்த ‘நன்றி’யையே எடுத்துக்குங்க. பன்னெண்டு கோடு. வலப்பக்கம் வர வேண்டியது அவளுக்கு இடப்பக்கம் போயிடும், அதை அழிச்சுட்டுத் திரும்ப எழுதுவா. இந்தக் கொக்கி... இப்படி மொட்டையா நிக்கும். அழுத்தம் பாதியிலயே போயிடும். இந்தாங்க, இப்படித்தான்.

— அடேயப்பா. அப்படியே அவ எழுதின மாதிரியே இருக்கு, லாவ்ஷி! நெஜமாத்தான். பக்கத்துல வச்சா நானே ஏமாந்துடுவேன்.

— பழக்கம்... தினம் பாக்குறேன்ல. அதை விடுங்க. பேனாவைக் குடுங்க.

— நான் வச்சுக்குறேன், வேலை இருக்கு. சரி, வீட்டுப்பாடம் போச்சு. இப்ப என்ன தடை?

— இந்தக் கடுதாசிய மேல குடுத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. இதுல ஏமாத்தின அம்மா சைக்காலஜிஸ்ட்கிட்டயும் ஏமாத்தியிருப்பாங்கன்னு நினைப்பாங்க.

— நினைக்கட்டும். என் பேரு போனா போகுது.

— போயும் பிரயோஜனம் இல்லையே! செவ்வாய்க்கிழமை மார்க் அப்படியே நிக்குதே. அது வகுப்புல, என் கண் முன்னாடி எழுதினது.

— அதான் எனக்கும் புரியல. திங்கக்கிழமை சாயங்காலம் பத்து வார்த்தையும் சொல்லிப் பாப்பேன். ஒண்ணு வரும். சில நாள் அதுவும் வராது. அழுதுட்டுப் படுப்பா. செவ்வாய்க்கிழமை எப்படி ஆறு வாங்குறா?

— பிள்ளைங்க... சமயத்துல வகுப்புல வந்துடும்.

— பத்து வாரமுமா?

— ஷூ நிங் அம்மா, நாலரைக்கு ஆபீஸ் மூடிடுவாங்க. இன்னிக்கு வேண்டாம். அடுத்த பருவம் பாத்துக்கலாமே.

— அடுத்த பருவமா? இன்னிக்குத்தான் கடைசி நாள்னு நீங்கதானே சொன்னீங்க! உங்களுக்கு என்ன போச்சு, லாவ்ஷி? நாலு வரி. ‘இவளுக்கு முடியல.’ அவ்வளவுதான்.

— எனக்கு என்ன போச்சா... சீனாவுல ஹார்பின்லேருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சு. டிசம்பர்ல என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். என் வகுப்புல செவ்வாய்க்கிழமை யாரும் அஞ்சுக்குக் கீழ போறதில்லன்னு போன வாரம்தான் துறைத்தலைவர் கூட்டத்துல எழுப்பி நிறுத்திக் கைதட்டினாங்க.

— ஓ... அதுக்குத்தானா? உங்க கைதட்டலுக்கு என் பொண்ணா?

— அப்படி இல்ல.

— பின்ன எப்படி?

— பிப்ரவரியில அவ ஒரு பூஜ்யம் வாங்கினா. உங்ககிட்ட சொன்னாளா?

— இல்லையே.

— நோட்டைக் குடுத்தேன். வாங்கிட்டுப் போய் உக்காந்தா. அழல. இரும்பு ஸ்கேலை எடுத்து வலது கையை டெஸ்க்கு மேல வச்சு... அடிச்சுக்கிட்டா. நான் ஓடிப் போய்ப் பிடிக்கிறதுக்குள்ள நாலு அடி. ஏன்டா கண்ணுன்னு கேட்டா, ‘இந்தக் கைதான் லாவ்ஷி எழுத மாட்டேங்குது’ங்கிறா.

— ... கதவுல நசுங்கிடுச்சுன்னா என்கிட்ட.

— நான் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்.

— சொல்லியிருக்கணும், லாவ்ஷி. கட்டாயம் சொல்லியிருக்கணும்.

— ஆமா... அதுக்கப்புறம் அவ பூஜ்யம் வாங்கவே இல்லையேன்னு விட்டுட்டேன்.

— வாங்கலதான். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்திருக்கு. நல்லவேளை ஞாபகம் வந்துச்சு, அதையும் இந்த விண்ணப்பத்துல எழுதிடறேன். பேனா என்கிட்டதானே இருக்கு.

— எதை?

— மறதி.

— மறதியா? அவளுக்கா?

— ஏப்ரல்ல ஒரு நாள் சொல்வதெழுதுதல் நோட்டைக் கொண்டு வந்து, ‘அம்மா, நான் எழுதாத எழுத்தெல்லாம் இதுல இருக்கும்மா’ன்னா. நீ எழுதினதுதான்டி, மறந்துட்டன்னு சொன்னேன். அடுத்த வாரமும் வந்தா. ‘நோட்டு தானா எழுதிக்குதும்மா’ன்னா. மூணாவது தடவை நான் கத்திட்டேன். பொய் சொல்லாத, பாடத்துல கவனம் வைன்னு. அப்புறம் சொல்றதை நிறுத்திட்டா. இப்ப என்ன செய்றா தெரியுமா? சாப்பிட்டு எழுந்து கை கழுவிட்டு வந்து, ‘அம்மா, நான் சாப்பிட்டேனா?’ங்கிறா. வீட்டைப் பூட்டிட்டு லிஃப்ட் வரைக்கும் வந்து, ‘நான் பூட்டினேனா?’ன்னு திரும்ப ஓடுறா. பத்து வயசுப் பிள்ளை!

— எவ்வளவு நாளா?

— ரெண்டு மாசமிருக்கும். வர்ற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லப் போறேன். எப்படியும் நமக்கு நல்லதுதானே? எழுத்தும் நிக்கல, ஞாபகமும் நிக்கலன்னு சேர்த்துப் போட்டா அமைச்சுல தட்ட முடியாது.

— வேண்டாம்... அதை எழுதாதீங்க.

— ஏன் எழுதக் கூடாது? உண்மைதானே? இதோ அவளே வர்றா, பேட்மிண்டன் முடிஞ்சுடுச்சு போல. ஷூ நிங்! இங்க வா.

— அம்மா, என் தண்ணி பாட்டில எடுத்துட்டு வந்தேனா?

— கையிலதான்டி வச்சிருக்க. கேட்டீங்களா லாவ்ஷி? ஷூ நிங், லாவ்ஷிகிட்ட சொல்லு. நோட்டு தானா எழுதுதுன்னியே, அதைச் சொல்லு.

— ... அது ஒண்ணும் இல்லம்மா.

— சொல்லுடா. யாரும் திட்ட மாட்டாங்க.

— நான்தான் எழுதியிருக்கேன். எனக்குத்தான் மறந்து போகுது. நீதானே சொன்ன.

— பாருங்க. இதைத்தான் நான்...

— ஷூ நிங் அம்மா, அந்தப் பேனாவைக் கீழ வைங்க.

— லாவ்ஷி?

— வைங்க... உங்க கடுதாசியில என்ன எழுதியிருக்கீங்க? தாயாகிய நானே எழுதினேன்னு, இல்ல?

— ஆமா.

— அதுக்கு அடியில இடம் இருக்கா?

— பாதிப் பக்கம் இருக்கு. எதுக்கு?

— எனக்கு வேணும். உங்க அளவுக்கு இங்கிலீஷ் வராது. தப்பும் தவறுமா இருந்தாலும் நானே எழுதுவேன், நீங்க திருத்தக் கூடாது. எழுதினதும் மூணு பேருமா மாடிக்குப் போவோம், துறைத்தலைவர் இன்னும் அறையிலதான் இருப்பாங்க. மணி நாலுதானே ஆச்சு?

— நாலு அஞ்சு ஆச்சு, லாவ்ஷி.

— ஷூ நிங், வா, என் பக்கத்துல உக்காரு. தலையை நிமிர்த்து. போன செவ்வாய்க்கிழமை நான் பத்து வார்த்தை சொன்னேன். நீ எத்தனை எழுதின?

— ... தெரியல, லாவ்ஷி.

— தெரியும். அம்மா சொன்னதை மறந்துட்டு, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு.

— ரெண்டு. ரெண்டும் தப்பு.

— மீதி?

— எட்டுக் கட்டமும் சும்மா விட்டுட்டேன்... ஆனா வியாழக்கிழமை நோட்டு வந்தப்ப ஆறு மார்க் இருந்துச்சு.

— எல்லாம் சரியாத்தான் ஞாபகம் வச்சிருக்க, கண்ணு. உனக்கு மறதியே கிடையாது. அந்த எட்டுல ஆறு கட்டத்தை, உன் மொட்டைக் கொக்கி மாதிரியே கொக்கி போட்டு, வாரா வாரம் பென்சிலால நிரப்பினது நான்தான்.