தீப்பெட்டியில் வந்த சாட்சி

"அம்மையும் இல்ல, ஆத்தாவும் இல்லக்கா. கம்பளிப்பூச்சி!"

அரக்கோணம் பாசஞ்சர் கரிப்புகை கக்கிக்கொண்டு திருவள்ளூரை விட்டதும், எதிர்ப்பலகையில் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள்.

"அப்புறம் ஏன்டி உங்க வாசல்ல வேப்பிலை?" என்றாள் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா.

"மாமியார் கட்டினது. ஊட்டுக்காரரு பின்னாடி முருங்கை மரத்தடிய பெருக்கிக்கினு இருந்தாரு. பூச்சி சட்டைக்குள்ள வுழுந்து ஒடம்பு பூரா தடிப்பு. கெழவி பாத்துட்டு, 'தாயே, வந்துட்டியா'ன்னு கால்லயே வுழுந்துடுச்சு!"

"பெத்த புள்ள கால்லயா!"

"அவரும் கம்முனு இளநீ குடிச்சிக்கினு படுத்துக்கினாரு. நாளைக்கு திருவாலங்காட்டுல என் தங்கச்சி கல்யாணம். அம்மை கண்ட ஊட்டுலேர்ந்து வரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிட்டாங்க. வுடுவனா? காட்டறதுக்கு பூச்சியவே புடிச்சாந்துட்டேன்."

மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். காலி.

அடுத்த நொடி அந்த ரயில்பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை. ஒருவர் வேட்டியை உதறினார், இன்னொருவர் பலகைமேல் ஏறிக்கொண்டார். பூச்சியைக் கண்ணால்கூடப் பார்க்காத நான் முழங்கை வரை சொறிந்தேன்.

"போச்சுக்கா! இனிமே எங்கம்மாகிட்ட இன்னாத்த காட்டுவேன்?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்த வுடு. எம் பின்கழுத்து ஏன் இப்படி அரிக்குது, பாரு!" என்றாள் பூக்காரம்மா.

கொண்டையை ஒதுக்கிப் பார்த்தவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"தட்டாதக்கா, தட்டாத! பூச்சியும் இருக்குது, தடிப்பும் இருக்குது. திருவாலங்காடு வர்ற வரைக்கும் அப்படியே அசையாம இரு!"