முட்டைக்குப் போட்ட பிழை

அவைக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, ஊரின் நன்மை தீமைகளில் முன்னிற்கும் பள்ளிவாசல் பெரியோரே, பெரியநீலாவணையிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்த தாய்மாரே, உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும்!

வாழ்த்துரைக்கு அழைத்தீர்கள். நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

என் நான்காம் தர வகுப்பில் அஸ்பியா என்றொரு பிள்ளை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளுடைய உம்மா றஹீமா கடற்கரையில் கருவாடு போடுகிறவர். சென்ற தவணைச் சுற்றாடல் பரீட்சையில் எது மிதக்கும், எது தாழும் என்று கேட்டிருந்தேன். முட்டைக்கு நேரே ‘ரெண்டும்’ என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேனா? இல்லை. சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அதோடு நின்றேனா? கவனமில்லாத பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையிலும் எழுதினேன்.

அறிக்கை வீட்டுக்குப் போனபின் நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் றஹீமா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள், படிப்பு ஏறாவிட்டால் கருவாட்டுக்கே வைத்துக்கொள்கிறேன் என்றார். அப்போதுதான் அஸ்பியாவிடம் கேட்டேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“மீனுக்கு உப்புத்தண்ணி கரைச்சா உம்மா முட்டையப் போட்டுத்தான் பாக்கிற டீச்சர். உப்புக் காணாட்டித் தாழும், போதுமெண்டா மிதக்கும். எந்தத் தண்ணி எண்டு நீங்க கேக்கல்லையே.”

சிரிக்கிறீர்கள், பின்வரிசைத் தம்பிமாரே. நான் அன்று வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன், எந்தத் தண்ணீர் என்று அதில் இல்லைதான்.

மறுநாள் மேசையில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையைப் போட்டேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், வரையத் தெரிந்தவர்கள் வரையட்டும், கையால் செய்கிறவர்கள் உப்பைக் கரைக்கட்டும் என்றேன். வகுப்பில் முதலாவதாக வரும் மிஹ்லார், முட்டை தாழும் என்றுதான் பாடக் கொப்பியில் இருக்கிறது என்று சொல்லி, எழுதாமலே நின்றான். அஸ்பியா ஒரு வாளியில் கரண்டி கரண்டியாக உப்புப் போட்டாள். முட்டை அசைந்தது, எழும்பியது, மிதந்தது! மிஹ்லார் கொப்பியை மூடிவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தான். சீனி போட்டாலும் மிதக்குமா என்று அஸ்பியா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஆசிரியையாகி இருபத்திரண்டு வருடத்தில் வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அன்றே அறிக்கையைத் திருத்தி எழுதினேன். றஹீமா வாசித்துக் கையொப்பமிட்டார். அஸ்பியா இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை.

ஆளுக்கொரு வழி என்றால் பாடத்திட்டம் முடியுமா என்று யாரோ அங்கே கேட்கிறீர்கள். முடியாமல் போகலாம் ஐயா! பாடம் முடிந்து பிள்ளை நின்றுபோனால், நாம் முடித்தது எதை?

என் மனம் இன்னும் அடங்கவில்லை. அஸ்பியாவுக்காக வந்து நிற்க ஓர் உம்மா இருந்தார். அதற்கு முன் நான் பிழை போட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் என்ன சொல்ல இருந்தார்கள்? ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. உங்கள் வகுப்பில் இருப்பவர்களிடம் நீங்கள் நாளைக்கே கேட்கலாம்.

பொறுமையோடு கேட்டிருந்த உங்களுக்கு என் நன்றியும் ஸலாமும்.