ஒரு நாற்காலியும் பதினோரு வீடும்

அவையை நடத்தித் தரும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, என்னோடு தெருத்தெருவாக அலைந்து தேய்ந்த அலுவலகத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே, இவர்கள் எல்லாருக்கும் முன்னதாக, உட்கார இடம் கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்பவர்களே, உங்களுக்கு என் முதல் வணக்கம். நிற்பவர்களுக்கு ஏன் முதல் வணக்கம் என்று போகப் போகத் தெரியும்.

வறுமை ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேசி முடித்ததும், சிறந்த கணக்கெடுப்பாளர் என்று ஒரு கேடயமும் கொடுக்கப் போகிறார்கள்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, என் வீட்டு நாற்காலிகளைத் துடைத்ததுதான். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மேசையோடு சேர்த்துத்தான் தருவேன், பிரித்துத் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். உட்கார நான் ஒருத்தி. மற்ற மூன்றிலும் தூசிதான் வந்து உட்காருகிறது. வாரம் தவறாமல் துடைக்கிறேன், யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல. சிரிக்கலாம் அம்மா, தவறில்லை. நானும் சில நாள் சிரித்திருக்கிறேன்.

வறுமைக்குக் காரணம் எது? போர் என்பார்கள். பொய்த்த மழை என்பார்கள். உழைத்த கைக்கு வந்து சேராத கூலி என்பார்கள். படிக்க முடியாத பிள்ளை, பார்க்க முடியாத வைத்தியம், பறிபோன நிலம் என்பார்கள். எல்லாம் உண்மை. உலகப் படத்தில் எந்த மூலையில் விரல் வைத்தாலும் இவற்றில் ஒன்று விரலில் ஒட்டும். இவற்றை விளக்க என்னைவிடப் படித்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் கண்ணால் கண்ட காரணம் மிகச் சிறியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அளவுதான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், அரசு உதவி யாருக்குத் தேவை என்று ஒரு சந்துக்குக் கணக்கெடுக்கப் போனேன். பழைய பாட்டில்களைக் கழுவி அனுப்பும் கொட்டகைக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய பதினோரு வீடுகள். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: கேட்டு எழுதாதே, பார்த்து எழுது. நாற்காலியும் மின்விசிறியும் கண்ணில் பட்டால் அந்த வீடு வசதியுள்ள வீடு. உதவிப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

முதல் வீடு பாட்டில் கழுவும் ஓர் அக்காவுடையது. வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"வெயில்ல வந்த மனுசிய நிக்க வெச்சுப் பேசுனா நல்லாவா இருக்கும்? உள்ள வாங்க மேடம்."

நீல நாற்காலி ஒன்று வந்தது. ஒரு கால் விரிசல் விட்டு, அதில் கம்பி சுற்றியிருந்தது. ஒரு சிறிய மின்விசிறியை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். நான் உட்கார்ந்தேன், வீடே நின்றது. கேட்டேன், எழுதினேன், படிவத்தில் நாற்காலி, மின்விசிறி என்ற இரண்டு கட்டத்திலும் குறி போட்டேன்.

மூன்றாவது வீட்டில் எழுந்தபோது என் சேலை நாற்காலிக் கம்பியில் மாட்டி ஒரு பச்சை நூல் பிய்ந்தது. ஏழாவது வீட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றும் ஓர் அண்ணன், நான் வெளியே வந்து, கணக்கெடுத்த அடையாளமாகக் கதவில் எண் ஒட்டும்போது, "மேடம், நல்லா அழுத்தி ஒட்டுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் மனைவி, "சும்மா இருக்கமாட்டீங்களா" என்று இடுப்பில் இடித்தார். வீட்டுக்குள் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்பதாவது வீட்டில் உட்கார்ந்து, பேனா விழுந்ததென்று குனிந்தேன். நாற்காலிக் காலில், கம்பிச் சுற்றில், என் பச்சை நூல்.

நான் ஒவ்வொரு கதவிலும் எண் ஒட்டி முடிப்பதற்குள், அந்த ஒரே நாற்காலியும் அந்த ஒரே மின்விசிறியும் பின்வாசல் வழியாக எனக்கு முன்னால் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கின்றன. ஏமாற்றவா? ஏமாற்றினால் இல்லை என்றல்லவா காட்டியிருப்பார்கள்? வந்தவள் கால் வலிக்கக் கூடாது என்று இரவல் வாங்கினார்கள். அந்த இரவல்தான் அவர்களை வசதிக்காரர்கள் ஆக்கியது.

இது யார் வீட்டு நாற்காலி என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் எட்டு வீட்டையும் திரும்ப எழுத வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் மொழி சொல்லிவைத்திருக்கிறது. தீர விசாரிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினோராவது வீடு வரை அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பிழையே இல்லாத படிவங்கள் என்று அலுவலகம் பாராட்டியது. அச்சு மாறாமல் பதினோரு முறை ஒரே பதில், பிழை எங்கிருந்து வரும்?

அந்தக் கடைசி வீடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டார் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். நடுவில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக என் சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் இந்தக் கேடயத்துக்கான கடிதம் வந்தது. அன்று மாலையே அந்தச் சந்துக்குப் போனேன். பாட்டில் கழுவும் அக்காவுக்குப் பக்கத்தில் அவர் மகள், முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுத்த அன்று செவிலியர் படிப்புக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன பெண்.

"படிக்கப் போகலையா?" என்றேன்.

"பட்டியல்ல பேரு இல்லன்னு விடுதியில இடம் தரல மேடம்" என்றார் தாய். "மூணு தடவ மனு கொடுத்தோம். மேடமே நேர்ல பாத்து எழுதியிருக்காங்க, அப்புறம் என்னன்னு திருப்பிட்டாங்க."

"நாற்காலி இரவல்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? நீங்க சரியா பாக்கலன்னு ஆயிடும். ஒத்தையா நின்னு வேலை பாக்குற பொம்பள. உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நாங்க நல்லா இருப்போமா?"

அக்காதான் பேச்சை மாற்றினார்: "அந்த நாற்காலி உடைஞ்சே போச்சு மேடம். தரையில உக்காருவீங்களா?"

உட்கார்ந்தேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் அந்த அக்காவின் ஈரத் தோள் பட்டது. ஒருவர் தோள் என்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

மகள் தொட்டியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "இப்ப எழுதுங்க மேடம், நாற்காலி இல்லன்னு."

"வாய மூடுடி" என்றார் தாய்.

அவள் ஏன் வாயை மூட வேண்டும்? மூடியிருந்தது என் வாய் அல்லவா?

வறுமையைக் குறைக்க வழி கேட்கிறீர்கள். கூலி உயரட்டும், பள்ளி திறக்கட்டும், மருந்து கிடைக்கட்டும். அவற்றோடு இதையும் கேளுங்கள். ஒரு தெருவைப் பற்றி எழுதிய பட்டியலை அந்தத் தெருவிலேயே உரக்கப் படியுங்கள். தவறு இருந்தால் தெருவே சொல்லும். கேள்வி எழுதுகிறவர் ஒருமுறையாவது அந்த வீட்டுத் தரையில் உட்காரட்டும். இல்லாதவர் தன் மானத்தை மறைக்கத் துணி தேடுவார். அந்தத் துணியைப் பார்த்து, உனக்குத்தான் துணி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். எழுதியவள் தவறினால், தவறினேன் என்று எழுதவும் ஒரு கட்டம் வையுங்கள். அந்தக் கட்டம் இல்லாததால் உலகத்தில் எத்தனை சந்துகள் வசதியானவை ஆகியிருக்கும்?

தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

என் கைப்பையில் ஒரு கடிதம் இருக்கிறது. நான் பார்த்து எழுதியது பொய், தெரிந்தே எழுதினேன், பதினோரு வீட்டையும் மறுபடி பாருங்கள் என்று என் கையெழுத்தில் எழுதியது. எழுதியவளே மறுத்தால்தான் பட்டியல் திறக்கும் என்பது விதி. அதற்குப் பிறகு எனக்கு இந்த வேலை இருக்காது என்பதும் விதிதான். விடுதிச் சேர்க்கை இந்த வாரத்தோடு முடிகிறது.

எழுதி ஒரு மாதம் ஆகிறது. கொடுப்பதா, கிழிப்பதா என்று இன்று காலை வரை தெரியவில்லை. கடைசி நாற்காலியைத் துடைக்கும்போதுதான் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்க வீட்டில் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. கேடயம் மேசைமேலேயே இருக்கட்டும். கடிதத்தைத் தலைவர் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். இந்த மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி இனிக் காலிதான். பின்சுவரில் நிற்பவர்களில் ஒருவர் வந்து உட்காருங்கள்.

வணக்கம்.