தெற்கு மூலையில் ஆறடி

அந்த இடம் ஆறடி நீளம், நாலடி அகலம் இருக்கும், சார். தெற்கு கோலுக்கு வலப்பக்கம், பெனால்டி பெட்டியின் கோட்டை ஒட்டி. மைதானம் முழுக்க ஒரே மண், ஒரே புல். அந்த ஆறடியில் மட்டும் ஏன் தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்பது இத்தனை வருடம் எனக்குப் பிடிபடவே இல்லை.

என் பெயர் பிச்சைமணி. மட்டாஞ்சேரி மாலுமி எஃப்.சி.யின் மைதானத்தை, கிளப் தொடங்கிய நாளிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் முழங்கால்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புரிந்தால் முழங்கால் தானாகப் புரியும்.

புல்லுக்குக் கீழே ஒரு சாண் மணல். அதற்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய்கள். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, குழாய் வழியாகப் பின்னாலிருக்கும் கால்வாய்க்குப் போய்விடும். வேறு ஊரில் இத்துடன் வேலை முடிந்தது. இங்கே முடியாது. கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். வேலியேற்றம் என்பார்கள். அப்போது போன தண்ணீர் அதே குழாய் வழியாக உப்போடு திரும்பி வரும், புல் செத்துப்போகும். அதனால் ஏற்றத்துக்கு முன்னால் கால்வாயில் இறங்கி, குழாய் வாய்களை மரத்தக்கையால் அடைக்க வேண்டும். தக்கைக்குச் சாக்குத்துணி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசியும். இறக்கம் தொடங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். வரைபடத்தில் ஆறு குழாய். என்னிடம் ஆறு தக்கை. எண்ணிப் பார்க்காமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

2019 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, அந்த ஆறடி என் காலுக்குத் தெரிந்தது. மேலே புல் காய்ந்து நிற்கிறது, கீழே குதிகால் அமுங்குகிறது. அன்று மாலை மேட்ச். செயலாளர் சிஜு சாரிடம் சொன்னேன். தோண்டிப் பார்க்க வேண்டும், ஒருநாள் தள்ளி வையுங்கள் என்றேன்.

"பிச்சைமணி சேட்டா, டிக்கெட் எல்லாம் வித்துக் கழிஞ்சாச்சு. இத்திரி, துளியூண்டு ஈரத்துக்கு மேட்ச் மாத்தினா ஊரு முழுக்க சிரிக்கும். கொஞ்சம் மணலு வாரிப் போடு, போதும்."

போட்டேன். எழுபதாவது நிமிடத்தில் என் மகன் விபின் வலப்பக்கத்திலிருந்து உள்ளே திரும்பினான். கெட்டியான தரையில் உடம்போடு பாதமும் திரும்பும். சேற்றில் பூட்ஸின் அடியிலிருக்கும் ஸ்டட் புதைந்து பாதம் நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். நடுவில் இருப்பது முழங்கால். அந்தச் சத்தம் கேலரி வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அப்போது மாலுமி லீக் பட்டியலில் முதலிடம். விபின் பதினோரு மேட்சில் ஒன்பது கோல் அடித்திருந்தான். சீசன் முடியும்போது நாலாமிடம்.

எங்கள் வாசலில் ஒரு பலகை உண்டு, பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி: ஆடியது, வென்றது, தோற்றது, பிடித்த இடம், அதிக கோல் அடித்தவர் பெயர். மே மாதம் சிஜு சார் தன் கையாலேயே வெள்ளை பெயின்டில் எழுதுவார். நல்ல கையெழுத்து. நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அந்த வருடம் எங்கள் அணியில் மஞ்சேரிக்காரன் ஒருவனும் ஒன்பது அடித்திருந்தான், பதினெட்டு மேட்சில். சிஜு சார் அவன் பெயரை எழுதினார்.

"விபினும் ஒன்பதுதான் சார்."

"ஒரு வரியில ஒரு பேருதான் நிக்கும் சேட்டா. அடுத்த சீசன் கிரவுண்டில களிக்கிறவன் பேரு இருந்தாத்தான் ஆளு வரும். நீ ஏணிய ஆட்டாத, ஒன்பது ஏழாயிடும்."

நானும் சிரித்தேன். ஏணியை ஆட்டவில்லை.

சிஜு சாரைக் கொல்ல நினைத்ததில்லை. கொன்றால் ஒருநாளில் முடிந்துவிடும். அவருக்கு அந்தப் பலகைதான் உயிர்; விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துவார். அதை அவர் கையாலேயே, வருடத்துக்கு ஒரு படியாக, கீழே இறக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. விபினின் ஒன்பதை இன்னொருவன் தாண்டவும் கூடாது.

அதன் பிறகு அந்த இடம் ஏன் அப்படி என்று நான் தேடவில்லை. எப்போது அப்படி என்று மட்டும் கற்றுக்கொண்டேன். முந்தின நாள் மாலை தெற்கு மூலைக்கு நன்றாகத் தண்ணீர் விட்டால், மறுநாள் முழுக்க உள்ளே சேறாக இருக்கும். விடாவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றியுள்ள தரையை ரோலர் போட்டு இறுக்குவேன், வித்தியாசம் கூர்மையாக இருக்க வேண்டும் அல்லவா. நல்ல புல்லாக வெட்டி மேலே பதிப்பேன். எங்கள் கேலரி தெற்கில் இருப்பதால், டாஸ் ஜெயித்தால் இரண்டாம் பாதியில் தெற்குப் பக்கம் தாக்குவது மாலுமியின் வழக்கம். அந்த நேரம் கால்களும் களைத்திருக்கும். ஒருவன் ஏழு கோலை எட்டும்வரை நான் தண்ணீர் விட மாட்டேன். அந்த நியாயம் என்னிடம் இருந்தது.

மஞ்சேரிக்காரன் விழுந்தது 2019–20இல், ஏழு கோலில். ஆறாமிடம். அடுத்த சீசன் கொரோனாவால் நடக்கவில்லை. பலகையில் ஒரு கோடு மட்டும். 2021–22இல் கானா நாட்டுப் பையன், தங்கமானவன், என்னை 'பப்பா' என்று கூப்பிடுவான். ஏழாமிடம். அடுத்த வருடம் கணக்கு பிசகி, விருந்தினர் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் விழுந்துவிட்டான். அவனுக்காக வருத்தப்பட்டேன், அவன் இதில் சேர்ந்தவன் இல்லை. கண்ணூர்க்காரனுக்குக் கடைசி மேட்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எட்டாமிடம். பிறகு மிசோரமிலிருந்து ஒருவன், ஒன்பதாமிடம். ஒவ்வொரு மே மாதமும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சிஜு சாரின் எழுத்து முன்போல இல்லை.

நான் யாரையும் கையால் தொட்டதில்லை, சார். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் வாஞ்சிநாதன். எங்கள் தெருப் பையன், பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீனும் தின்று வளர்ந்தவன். பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்ததே விபின்தான். விபினுக்கு இப்போது வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை, கன்டெய்னர் கேட்டில் உட்கார்ந்து சீட்டு பார்ப்பது. படியில் ஒவ்வொரு காலாகத்தான் ஏறுவான். பிப்ரவரியில் வாஞ்சி எட்டாவது கோல் அடித்த அன்று, சாயா குடித்துக்கொண்டே விபின் சொன்னான்:

"அப்பா, இவன் பத்து அடிப்பான். பந்தயம் வைக்கிறியா? என்னோட ஒன்பதெல்லாம் இவன் முன்னாடி சும்மா."

அவன் முகம் அப்படி மலர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. எனக்கும் அது தெரிந்தது. அடுத்த மேட்சுக்கு முந்தின நாள் மாலை நான் தெற்கு மூலைக்குத் தண்ணீர் விட்டேன்.

பத்தாமிடம். கடைசி. மாலுமி கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டது. அந்த வரியை சிஜு சார் இன்னும் எழுதவில்லை.

வாஞ்சியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த விபின் நேராக மைதானத்துக்குப் போய் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றான். போன செவ்வாய்க்கிழமை, அமாவாசைக்கு மறுநாள், பகலில் கால்வாய் என்றுமில்லாமல் வற்றியிருந்தது. அந்தக் காலோடு அவன் சேற்றில் இறங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு துணி. சாக்கில் சுற்றி, கல் மாதிரி இறுகிப்போன ஒரு பயிற்சி ஜெர்சி. பச்சை.

"ஆறு குழாய் இல்ல அப்பா. கீழே பழைய குழாய் ஒண்ணு கிடக்கு. அதுக்குள்ள இருந்துச்சு. இது யாருது?"

"உன்னோடது."

"பச்சை ஒரே சீசன்தானே தந்தாங்க."

"ஆமா."

"நானா கொண்டுபோய் அடைச்சேன்?"

அவன் சட்டையை மேசை மேல் வைத்தான்.

"ஸ்டேஷனுக்கு நீயே போறியா, நான் கொண்டுபோய் விடணுமா?"

அதனால்தான் வந்தேன்.

விபின் விழுந்ததற்கு முந்தின நாள், அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஏற்றம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆறையும் அடைத்த பிறகும் தெற்கு மூலையில் தண்ணீர் கொப்பளித்தது. தேடிப் போனால், கால்வாய்த் தண்ணீருக்கு அடியில் கைக்கு இன்னொரு வாய் தட்டுப்பட்டது. ஏழாவது தக்கை இல்லை. துவைக்க எடுத்துப்போன விபினின் சட்டை என் தோளில் இருந்தது. மறுநாள் அவனுக்கு மேட்ச், மைதானம் நன்றாக இருக்க வேண்டும். இறக்கம் வந்ததும் தக்கைகளைப் பிடுங்கி எண்ணினேன். ஆறு இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மனிதன் வீட்டுக்குப் போய்விடுவான், சார்.

இனி மைதானத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லுங்கள்: குழாய் ஆறு இல்லை, ஏழு. இறக்கத்தில் ஏழையும் திறந்து வைத்தால் போதும். அரை மணி நேரத்தில் அந்த இடம் உலர்ந்துவிடும்.