மூடின கை

தணிகாசலம்: …நான் இன்னும் பூட்டே திறக்கல, அதுக்குள்ள ஸ்டூடியோ வாசல்ல உக்காந்துக்கினு இருக்கியே! எப்ப எழுந்தே?

நேமிநாதன்: அஞ்சு மணிக்கு.

தணிகாசலம்: எழுந்து?

நேமிநாதன்: தண்ணி புடிச்சேன். பால் வாங்கினேன். ஸ்டவ்வுக்குத் திரி மாத்தினேன். காபி போட்டேன். பாத்திரம் கழுவினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். சைக்கிளுக்குக் காத்தடிச்சேன். வந்துட்டேன்.

தணிகாசலம்: குடிச்சியா?

நேமிநாதன்: என்னது?

தணிகாசலம்: காபியப்பா, காபி.

நேமிநாதன்: …ஆறிப் போச்சு.

தணிகாசலம்: சரிதான். உள்ள வா. பசங்களுக்கு இன்னிக்கு சயின்ஸ் பாடம் கிடையாதா?

நேமிநாதன்: லீவு போட்டுட்டேன் அண்ணே.

தணிகாசலம்: கப்பு வாங்கினா லீவு வேறயா! நடக்கட்டும். நேத்து போட்டோ கிளப்பு மீட்டிங்ல உன் பங்கு போண்டா இன்னா ஆச்சு தெரியுமா? பொழுது சாஞ்சா நீங்க ஜைனருங்க வாயில ஒண்ணும் வைக்க மாட்டீங்க. துரைக்கண்ணு எடுத்துத் தின்னுட்டான். தின்னவன் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லியா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினு எழுந்து போயிட்டான்.

நேமிநாதன்: யாரு, துரைக்கண்ணு அண்ணனா?

தணிகாசலம்: அவன்தான். அவன் கிடக்கறான், தரகன். கைப்பையில இன்னாது, துண்டு சுத்தி?

நேமிநாதன்: கப்பு.

தணிகாசலம்: அத எதுக்குத் தூக்கிக்கினு வந்தே? பேர் வெட்டறதுக்கா? நானே ஆள் அனுப்பி வாங்கிக்கினு இருப்பேனே. எம். நேமிநாதன், பி.எஸ்சி.ன்னு வெட்டச் சொல்லி…

நேமிநாதன்: வெட்ட வேணாம். திருப்பி வச்சுக்குங்க.

தணிகாசலம்: ஏம்பா?

நேமிநாதன்: ஒண்ணு கேக்கணும்.

தணிகாசலம்: கேளு. ஆனா உக்காந்து கேளு. இங்கயும் அங்கயும் நடந்துக்கினு… அந்த ஸ்டாண்ட இடிக்காதப்பா, அதும் மேல லைட்டு இருக்குது!

நேமிநாதன்: மூடின கை யாரு?

தணிகாசலம்: …ஓ. அதானா.

நேமிநாதன்: அதான்.

தணிகாசலம்: ஏம்பா, ஏழு பேரு அஞ்சு விரலும் குடுத்திருக்காங்க. கிளப்பு ஆரம்பிச்ச நாளா எவனுக்கும் இப்படி விழுந்தது கிடையாது. யாரோ ஒருத்தன் கைய மூடிக்கினான். அவன் ஒருத்தனத் தேடிக்கினு விடியக்காலையில…

நேமிநாதன்: யாரு?

தணிகாசலம்: சொல்லக் கூடாது.

நேமிநாதன்: சொல்லுங்க அண்ணே.

தணிகாசலம்: சொல்றதா இருந்தா துண்டு எதுக்கு? முன்ன கை தூக்கிக்கினு இருந்தோமே, இன்னா லட்சணத்துல இருந்தது? ஜவுளிக்கடைக்காரரு எந்தப் படத்துக்குத் தூக்கறாரோ, அவருக்குச் சரக்கு போடறவன் எல்லாம் அதுக்கே தூக்குவான். மச்சான் படத்துக்கு மச்சான். பங்காளி படம்னா கை கீழயே கிடக்கும். அதுக்குத்தானே துரைக்கண்ணு சொன்னான், வாலாஜாபாத் மாட்டுச் சந்தையில விலை பேசற மாதிரி துண்டுக்கடியில விரல் புடிக்கலாம்னு. நல்ல படம்னா அஞ்சு விரல், ஒண்ணுமில்லன்னா மூடின கை. புடிக்கறவன் நான் ஒருத்தன்தான். எத்தனை விரல்னு கூவுவேன். எவன் விரல்னு கூவ மாட்டேன். கச்சபேஸ்வரர் சந்நிதியில சத்தியம் பண்ணியிருக்கேன்.

நேமிநாதன்: தெரியும்.

தணிகாசலம்: தெரிஞ்சும் கேக்கற. போய் அவன் சட்டையப் புடிக்கப் போற.

நேமிநாதன்: புடிக்க மாட்டேன்.

தணிகாசலம்: உன் மூஞ்சி அப்படிச் சொல்லலியே.

நேமிநாதன்: என் மூஞ்சி மூணு மாசமா இப்படித்தான் அண்ணே இருக்குது.

தணிகாசலம்: …உக்காருப்பா. டீ சொல்றேன்.

நேமிநாதன்: வேணாம். நேத்து துண்டு போடறதுக்கு முன்னால எதுக்குப் பேசினீங்க?

தணிகாசலம்: இன்னா பேசினேன்?

நேமிநாதன்: கனகமாலா சாவறப்போ கடைசியா என்கிட்ட ‘கேமராவ மட்டும் கீழ வச்சுடாதீங்க’ன்னு சொன்னதா.

தணிகாசலம்: …அப்படித்தானே சொல்லியிருக்கும்?

நேமிநாதன்: நீங்க அங்க இருந்தீங்களா?

தணிகாசலம்: இல்ல. ஆனா…

நேமிநாதன்: நான் சொன்னேனா?

தணிகாசலம்: நீ எங்கப்பா பேசற! நானே படத்தைச் சுவத்துல மாட்டறேன். உன் பொண்டாட்டி புடவை. கொடியில காஞ்சுக்கினு இருக்குது. காத்து உள்ள பூந்து, தோளு, இடுப்பு எல்லாம்… ஒரு ஆளு நிக்கற மாதிரி. வாயில அதுவா வந்துடுச்சு. அங்க எவன் கண்ணு தொடைக்கல, சொல்லு?

நேமிநாதன்: மூடின கை.

தணிகாசலம்: திரும்ப அங்கேயே வந்து நிக்கறான்! இப்ப நீ இன்னா சொல்ற, அந்தப் படத்துக்கு அஞ்சு விரல் தகாதுன்றியா?

நேமிநாதன்: தகும்.

தணிகாசலம்: பின்ன?

நேமிநாதன்: போன தை மாசமும் தகும்.

தணிகாசலம்: போன தை மாசமா? இன்னாப்பா உளர்ற…

துரைக்கண்ணு: தணிகாசலம்! உள்ள இருக்கியா?

தணிகாசலம்: துரைக்கண்ணுதான். நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்… இருக்கேன்பா, வா!

துரைக்கண்ணு: அந்த வாத்தியார்கிட்டேர்ந்து கப்பைத் திருப்பி வாங்கு. வாங்கறியா, நான் கிளப்ப விட்டுப் போவட்டா?

தணிகாசலம்: மெதுவாடா…

துரைக்கண்ணு: எதுக்கு மெதுவா? ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் கிடையாது. திருட்டுக்குக் கை தட்டிட்டு வந்திருக்கீங்க எல்லாரும்!

தணிகாசலம்: டேய், அவன் இங்கதான் இருக்கான். திரும்பிப் பாரு.

துரைக்கண்ணு: …வா வாத்தியாரே. நல்லதாப் போச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன். நேத்து கைய மூடினவன் நான்தான்.

தணிகாசலம்: அய்யய்யோ, சொல்லக் கூடாதுடா!

துரைக்கண்ணு: சத்தியம் உன்னுது. கை என்னுது. நான் சொல்லுவேன்.

நேமிநாதன்: ஏன் மூடினீங்க அண்ணே?

துரைக்கண்ணு: ஏன்னு உனக்குத் தெரியாது?

நேமிநாதன்: உங்க வாயால சொல்லுங்க.

துரைக்கண்ணு: அது உன் படம் இல்ல.

நேமிநாதன்: ஆமா.

துரைக்கண்ணு: …இன்னா ஆமா? இல்லன்னு சொல்லுவன்னு நான் நாலு பேச்சு தயார் பண்ணிக்கினு வந்திருக்கேன்!

நேமிநாதன்: கனகமாலா எடுத்தது. போன தை மாசப் போட்டியில இதே சுவத்துல மாட்டினது.

தணிகாசலம்: இரு, இரு. போன தை மாசம் நானேதானே மாட்டினேன். நேத்தும் நானேதான் மாட்டினேன். ஒரே படமா? எனக்கு எப்படித் தெரியாம போச்சு?

நேமிநாதன்: ஒரே நெகட்டிவ். கொஞ்சம் கறுப்பா பிரிண்ட் போட்டேன். அவ்வளவுதான்.

துரைக்கண்ணு: உனக்கு எப்படித் தெரியும் தணிகாசலம்? அன்னிக்கு அட்டையத் திருப்பி எவனோ பேரப் பாத்துட்டான். பொம்பள எடுத்ததுன்னு தெரிஞ்சதும் ஒரே கூத்து. படத்தை எவன் பாத்தான்?

நேமிநாதன்: ‘இன்னிக்குப் புடவை காயப் போட்டாங்க, நாளைக்கு அடுப்பு பத்த வைக்கறத எடுப்பாங்க’ன்னு ஒருத்தர் சொன்னாரு.

துரைக்கண்ணு: …நான்தான் சொன்னேன்.

நேமிநாதன்: எல்லாரும் சிரிச்சாங்க. அவ அந்தக் கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தா.

துரைக்கண்ணு: அங்க நின்னாங்களா? எனக்குத் தெரியாதுப்பா… சத்தியமா தெரியாது.

தணிகாசலம்: விடுங்கப்பா, ரெண்டு பேரும். போன வருஷத்துப் பேச்சு…

நேமிநாதன்: அன்னிக்கு நீங்க என்ன கூவினீங்க அண்ணே?

தணிகாசலம்: எங்க ஞாபகம் இருக்குது?

நேமிநாதன்: இருக்குது. சொல்லுங்க.

தணிகாசலம்: …ஒத்த விரல் மூணு. மத்ததெல்லாம் மூடின கை. அஞ்சு விரல் ஒண்ணே ஒண்ணு.

நேமிநாதன்: வீட்டு ஆளு படத்துக்கு நமக்குக் கை கிடையாது. அதனால அந்த அஞ்சு விரல் நான் இல்லன்னு அவளுக்குத் தெரியும்.

துரைக்கண்ணு: இப்ப எதுக்கு அந்தக் கதை? நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. பொண்டாட்டி எடுத்த படத்தை உன் பேர்ல போட்டு கப்பு வாங்கினியே, இது நியாயமா? செத்தவங்க வந்து கேக்க மாட்டாங்கன்ற தைரியமா?

தணிகாசலம்: டேய்!

நேமிநாதன்: கேக்கட்டும் அண்ணே. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?

துரைக்கண்ணு: காக்காய வச்சு.

தணிகாசலம்: காக்காயா? எங்க இருக்குது காக்கா?

துரைக்கண்ணு: அதோ, சுவத்துல மாட்டியிருக்கற படத்தோட ஓரத்துல. தலையே இல்ல பாரு, உடம்பு மட்டும் இருக்குது. கிளம்பிக்கினு இருக்குது. அது கிளம்பறத வச்சுத்தான் புடவையும் கிளம்பப் போவுதுன்னு தோணும். ஒருவாட்டி பாத்தா மறக்கற படமா அது?

நேமிநாதன்: மத்தவங்களும் பாத்தாங்களே, ரெண்டு வாட்டி.

துரைக்கண்ணு: எங்க பாத்தாங்க? அன்னிக்கு அட்டையோட பின்பக்கத்தைப் பாத்தாங்க. நேத்து உன் மூஞ்சியப் பாத்தாங்க.

நேமிநாதன்: அதுக்காகத்தான் போட்டேன்.

தணிகாசலம்: எதுக்காக?

நேமிநாதன்: அன்னிக்குப் படத்தைப் பாத்தவரு ஒருத்தருதான். பாத்தவருக்கு ஞாபகம் இருக்கும். அதே படம் என் பேர்ல வந்தா, அவரு எனக்கு விரல் குடுக்க மாட்டாரு.

தணிகாசலம்: …அப்ப நீ சண்டைக்கு வரல.

நேமிநாதன்: இல்ல.

தணிகாசலம்: அடப்பாவி. என்னை வச்சுக்கினு துண்டுக்குள்ளயே வலை போட்டிருக்கியே!

துரைக்கண்ணு: இன்னாப்பா பேசறீங்க ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணும் விளங்கல.

நேமிநாதன்: அந்த அஞ்சு விரல் உங்களுதா அண்ணே?

துரைக்கண்ணு: எந்த… தணிகாசலம், நீ சொல்லாத.

தணிகாசலம்: நான் எங்கடா சொன்னேன்? வாயே திறக்கலியே!

நேமிநாதன்: அண்ணே.

துரைக்கண்ணு: …ஆமாம்பா. என்னுதுதான்.

நேமிநாதன்: ஏன் குடுத்தீங்க?

துரைக்கண்ணு: விடு. அதையெல்லாமா கேப்பாங்க?

நேமிநாதன்: எனக்கு வேணும்.

துரைக்கண்ணு: நான் பட்டுத் தரகன்பா. புடவைன்னா எனக்கு எடை, ஜரிகை, விலை. ஒரு நாளைக்கு எத்தனை பிரிச்சு மடிக்கறேன். அதுக்குள்ள ஒரு ஆளு இருக்கும்னு தோணினதே இல்ல. அந்தப் படத்துல யாரோ நின்னுக்கினு இருக்காங்க. பின்னாலேர்ந்து ‘அம்மா’ன்னு கூப்ட்டா திரும்புவாங்க போல இருந்தது. கைய நீட்டிட்டேன். அவ்வளவுதான்.

தணிகாசலம்: அவ்வளவு புடிச்சவன் எதுக்குடா நக்கல் அடிச்ச?

துரைக்கண்ணு: எல்லாரும் சிரிச்சுக்கினு இருந்தீங்க. வாயி வெளிய இருந்தது. கை துண்டுக்குள்ள இருந்தது.

தணிகாசலம்: அந்தப் பொண்ணுகிட்ட அப்புறமாவது ஒரு வார்த்தை…

துரைக்கண்ணு: எப்படிச் சொல்றது? யார் கைன்னு சொல்லக் கூடாதுன்னு ரூலு போடச் சொன்னவனே நான். ஏன் வாத்தியாரே, தெரிஞ்சுக்கணும்னா தெருவுல நிறுத்திக் கேட்டிருக்கலாமே?

நேமிநாதன்: கேட்டிருந்தா எட்டு பேரும் நான்தான்னு சொல்லியிருப்பீங்க.

தணிகாசலம்: நேமி… ஐப்பசியில ஒரு நாளு. நல்ல மழை. தொப்பலா நனைஞ்சுக்கினு ஓடி வந்தியே. இதையேதான் கேட்டே.

நேமிநாதன்: ஆமா.

தணிகாசலம்: நான் சொல்லல.

நேமிநாதன்: ஆமா. தலை துவட்டத் துண்டு குடுத்தீங்க. சத்தியம்பான்னீங்க.

தணிகாசலம்: அன்னிக்கு உன் சம்சாரம் எங்க…

நேமிநாதன்: ஆஸ்பத்திரியில.

தணிகாசலம்: அங்கேர்ந்தா வந்தே?

நேமிநாதன்: ம்.

தணிகாசலம்: ஏம்பா, அத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்…

நேமிநாதன்: சொல்லியிருந்தா சொல்லியிருப்பீங்க. அவளுக்குப் பாவம் பாத்து. அது நிஜமா, எங்களுக்காகச் சொன்ன பேரான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது.

தணிகாசலம்: நீ திரும்பிப் போறப்போ…

நேமிநாதன்: முடிஞ்சிருந்தது.

துரைக்கண்ணு: …ஒரு காரியம் பண்ணலாம். கப்புல அவங்க பேரையே வெட்டலாம். நான் காசு குடுக்கறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்.

நேமிநாதன்: வேணாம் அண்ணே. அது நேத்து எனக்காக அழுது குடுத்த கப்பு. அவளுக்கு விழுந்தது அஞ்சு விரல்தான். அது போதும்.

துரைக்கண்ணு: உன்னைத் திருடன்னு சொல்லிட்டேனே…

நேமிநாதன்: சொன்னதாலதான் தெரிஞ்சுது. வரேன். சைக்கிள் வெயில்ல நிக்குது.

தணிகாசலம்: இருப்பா. நேத்து நான் பேசினது தப்பு. எல்லாருக்கும் முன்னாலயும் சொல்லிடறேன். கேமராவ கீழ வைக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு…

நேமிநாதன்: அவ கேமராவப் பத்திப் பேசவே இல்ல.

துரைக்கண்ணு: பின்ன கடைசியா இன்னாதான் சொன்னாங்க?

நேமிநாதன்: ‘அந்த அஞ்சு விரல் யாருதுன்னு கேட்டுக்கினு வாங்க. மழை வருது, குடைய மறந்துடாதீங்க.’