ரத்தம் இல்லாத வீடியோ

– சிங்கமும் இல்ல, புலியும் இல்ல. அப்ப எத்தப் பாத்து கொழந்த இப்டி மெரண்டு கெடக்குது செல்வி?

– அதான் யக்கா எனக்கும் வெளங்கல. ஒவ்வொரு வீடியோவா பாத்துட்டுத்தான வாரோம். இதுல யானை குளிக்கி. இதுல கொரங்கு பழம் திங்கி. இதுக்கா பயப்படுவா?

– எம்மேல கோச்சிக்காத. நீ வேலைக்கிப் போனப்புறம் அது ஒரு வாய் துன்னணுமேன்னுதான் செல்போன கையில குடுத்தேன். குடுத்தா கம்முனு துன்னும். அதுல இன்னா ஓடுதுன்னு நான் எங்க பாத்தேன்?

– உங்கள கொற சொல்லுவனாக்கா? கிளியக்கா இல்லாட்டி நான் கம்பெனியில லைன் வேலைக்கே போயிருக்க முடியாது. ஆனா பெத்த தாயப் பாத்து புள்ள ஒளியுதாளே. இப்பவும் உங்க கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கா. ஏழு மாச வயித்தத் தூக்கிக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு கூப்புடுதேன், இன்னும் உள்ள போறா.

– மந்திரிச்சி ஒரு கவுறு கட்டிடலாமா? பென்னலூர்ல ஒர்த்தரு கீறாரு.

– கயிறு கட்டவாது கிட்ட வரணும்லா? சோறு ஊட்டப் போனா பல்லக் கடிச்சுக்கிடுதா. நேத்து சாயந்தரம் ஷிப்டு முடிஞ்சு வந்த அலுப்புல ஒரு கொட்டாவி விட்டேன். அதுக்குப் போயி வீல்னு கத்திட்டு உங்க வீட்டுக்கு ஓடிவந்தா. ஒரு கொட்டாவிக்குக்கா!

– ஆமா, வந்து எம்பொடவைய புடிச்சிக்கினு நடுங்குச்சி.

– படுத்தா தூங்கவும் மாட்டேங்கா. தள்ளி உக்காந்து என் வயித்தையே பாத்துட்டு இருக்கா. கண்ணு அசையல. பெத்த புள்ளையப் பாத்து எனக்கே பயமா இருக்குக்கா, சாமி சத்தியமா.

– உங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?

– ஞாயித்துக்கெழம வள்ளியூர்ல எங்க நாத்தனா வீட்டுல கொண்டு விட்டுருதேங்காவ. பேறுகாலம் முடிஞ்சு கூட்டியாரலாமாம். அஞ்சு வயசுப் புள்ளைய விட்டுட்டு நான் எப்படிக்கா இருப்பேன்? ஒருக்கா அப்படிப் போயிட்டான்னா பொறவு எங்கிட்ட ஒட்டவே மாட்டா.

– சரி சரி, அழாத. வவுத்துல ஒண்ணு கீது. நீ அடுத்தது போடு. இன்னிக்கி எது தொட்டாலும் பேஜாராத்தான் கீது. காலைலேர்ந்து வெண்டிக்கா நறுக்குற கத்தியக் காணோம், தேடித் தேடி சோறே ஆக்கல நானு.

– இந்தாக்கா, இது மலைப்பாம்பு.

– அய்ய! இதெல்லாமா கொழந்த பாக்கறது? ஆருமா இத்த ஏத்திக் குடுத்தது?

– ஒரகடத்துல செல்லு கடைக்காரன்தான். அவ அப்பா சின்னப் புள்ளைக்கு மிருகம் வேணும்னு கேட்டாவளாம், நெட்டுலேர்ந்து எறக்கி மொத்தமா மெமரி கார்டுல ஏத்திட்டான். அன்னைக்கு ஷிப்டுக்குப் போறப்ப இவிய கம்பெனி பஸ்ஸுல உக்காந்து எல்லாத்தையும் பாத்து, ரத்தம் வந்ததயெல்லாம் அழிச்சிட்டேன்னாவ. சிங்கம், முதலை எல்லாம் அழிச்சாச்சு. இதுல ரத்தம் இல்லக்கா. பாருங்க, ஆட்டுக்குட்டிய அப்படியே முழுங்குது.

– யம்மாடி, எம்மாம் பெரிய வாயி! வவுறு எப்டி உப்பிக்கிச்சி பாரு. அசைய முடியாம கெடக்குது.

– யக்கா.

– இன்னா?

– வாயப் பெருசாத் தொறந்துச்சு. முழுங்குச்சு. வயிறு உப்பிப்போச்சு. யக்கா, நான் கொட்டாவி விட்டதுக்கு அவ ஏன் கத்துனா?

– அடக் கடவுளே.

– என்னக்கா? ஏன் தலையில கைய வைக்கிய?

– செல்வி, நீ என்ன திட்டக் கூடாது. போன வாரம் எங்கிட்ட வந்து, பெரிம்மா, பாப்பா எப்டி அம்மா வவுத்துக்குள்ள போச்சின்னு கேட்டுச்சி. சின்னக் கொழந்த கிட்ட இன்னான்னு சொல்லுவேன்? உங்கம்மா லபக்குனு முழுங்கிட்டான்னு வெளையாட்டுக்கு சொல்ட்டேன்.

– முழுங்கிட்டேன்னா சொன்னிய?

– மெய்யாலுமே வெளையாட்டுக்குத்தான்மா! நாக்க அறுத்துப் போடணும் எனுக்கு.

– அப்ப அவ என்னப் பாம்புன்னுல்லா நெனச்சிருக்கா. அடுத்தது அவளத்தான் முழுங்கப் போறேன்னு! ஏ எஞ்செல்லமே, இதுக்கா கட்டிலுக்கு அடியில கெடக்க?

– வுடு, காரணம் தெரிஞ்சிபோச்சில்ல? பேயும் இல்ல பிசாசும் இல்ல. கூப்ட்டு ஒக்கார வெச்சி, அது அப்டி இல்ல கண்ணு, பெரிம்மா பொய் சொல்ட்டேன்னு நானே சொல்றேன். வள்ளியூரும் வாணாம், ஒண்ணியும் வாணாம்.

– எனக்கு இப்பத்தான் மூச்சே வருதுக்கா. ஒருக்கா கட்டிப்புடிச்சேன்னா எல்லாம் சரியாப் போவும்.

– தோ, இது இன்னும் ஓடிக்கினேதான் கீது பாரு. முடியல.

– அவ அப்பா இந்த எடம் வரைக்கும் பாத்துருக்க மாட்டாவ. அதுக்குள்ள பஸ்ஸு கம்பெனி கேட்டுக்கு வந்துருக்கும். கேமரா செல்லுன்னு செக்யூரிட்டி வாங்கி வச்சுருப்பான்.

– யாரோ நாலு பேரு வர்றாங்கோ. பாம்ப சுத்தி நிக்கறாங்கோ. அது செத்துதோ தூங்குதோ, கம்முனு கெடக்குது. ஒருத்தன் கையில இன்னாமோ மின்னுது.

– வயித்தக் கீறுதான்க்கா. ஆட்டுக்குட்டிய வெளிய எடுக்கான். எல்லாரும் கை தட்டுதாவ.

– செல்வி.

– என்னக்கா?

– என் கத்தி.

– என்னக்கா சொல்லுதிய? யக்கா, ஏன் இப்படிப் பாக்கிய? ஏட்டி பிரியா! சுகப்பிரியா! வெளிய வாட்டி! அம்மா உன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன்!

– சத்தம் போடாத, மெல்லமா கூப்புடு. பிரியா கண்ணு, பெரிம்மாதான் கூப்புடறேன். கட்டிலுக்கு அடியில இன்னா வெச்சிக்கினு கீற? கைய நீட்டிக் காட்டு பாக்கலாம்.

– மாட்டேன் பெரிம்மா. நீ புடுங்கிக்குவ.

– கையக் கிழிச்சுக்கிடாத தாயி! அம்மாட்ட குடுத்துரு. அம்மாவப் பாத்து பயப்படாத.

– எனக்கு பயமாத்தான் கீதும்மா. ஆனா பாப்பாக்கு உள்ள இருட்டா இருக்கும்ல? நீ போய் படும்மா. நீ தூங்குனப்பொறவு பாப்பாவ வெளிய எடுக்கேன், அப்பத்தான் உனக்கு வலிக்காது.